செகண்ட் கியரும் என் மொட்டைக் கடுதாசியும்

மாட்டுவண்டி ஒன்று பஸ்ஸை முந்திக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டால், நான் உண்டு. அந்தப் பஸ்ஸுக்குள்ளேயே இருந்தேன், டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில். முந்திப் போன வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து எங்கள் டிரைவருக்கு ஒரு கும்பிடு போட்டார். பதில் கும்பிடு போட ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவேண்டுமே என்று டிரைவர் முதலில் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார். பிறகுதான் கும்பிட்டார்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் செகண்ட் கியர். மூன்றாவது கியரும் நாலாவது கியரும் அந்த வண்டியில் இருக்கத்தான் இருந்தன. விருந்தாளிக்கென்று எடுத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி அவற்றை அவர் தொடவே மாட்டார்.

எழுபதுகளின் கடைசி அது. திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. நான் கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமத்து உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த சயின்ஸ் வாத்தியார். தேரடி வீதிப் பக்கம் ஒரு மாடி அறையில் ஜாகை. காலை எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் தனியார் பஸ் ஒன்றுதான் எனக்கு வழி. ஒன்பதரைக்கு மணி அடித்ததும் தலைமையாசிரியர் வருகைப் பதிவேட்டை உள்ளே எடுத்துப் போய், வராதவர் பெயருக்கு எதிரே சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பார். என் பெயருக்கு எதிரே அந்த மாதம் இழுத்த கோடுகளைச் சேர்த்தால் ஒரு பனைமரம் வரையலாம்.

காரணம் செகண்ட் கியர்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். நீங்களே சொல்லுங்கள். திருப்பம் வந்தால் எல்லா டிரைவரும் ஹாரன் அடிப்பார்கள். இவர் ஹாரன் அடித்துவிட்டு, எதிர்ப்பக்கமிருந்து யாராவது பதில் அடிக்கிறார்களா என்று காத்திருப்பார். வேர்க்கடலை காலத்தில் ஜனங்கள் தார் ரோட்டில் கடலையைக் காயப்போட்டிருப்பார்கள். மற்ற பஸ்கள் அதன் மேலேயே ஏறிப் போகும். இவர் சீட்டுக்கு அடியில் ஒரு விளக்குமாறு வைத்திருந்தார். இறங்கிப் போய் நிதானமாக ஒதுக்கிக் கூட்டிவிட்டு, வண்டி தாண்டியதும் மறுபடி இறங்கிப் பரப்பிவிட்டு வருவார். கோழி குஞ்சுகளோடு குறுக்கே போனால் எஞ்சினையே அணைத்துவிடுவார். ஒருமுறை ஒரு பெரியவர் ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கி, வெற்றிலை பாக்கு வாங்கி, பேரம் பேசி, நடந்தே வந்து மறுபடி ஏறிக்கொண்டார். கண்டக்டர் அவரிடம் டிக்கெட்கூடக் கேட்கவில்லை.

எனக்கு அந்த வயதில் பெட்டிஷன் எழுதுவது ஒரு வியாதி. கையெழுத்து அழகாக இருக்கும் என்கிற திமிர் வேறு. பஸ் முதலாளிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி எழுதினேன். "ஐயா, தங்கள் பேருந்து எட்டு மணிக்குக் கிளம்பவேண்டியது. தினந்தோறும் ஏழு நிமிடம் தாமதமாகவே கிளம்புகிறது. இது ஓட்டுநரின் மெத்தனத்தைக் காட்டுகிறது" என்று ஆரம்பித்து ஒரு பக்கம் விளாசினேன். ஏழு நிமிடக் கணக்கு எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் தினமும் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே எட்டு ஏழுக்கு ஓடி வருவேன். அப்போதும் பஸ் நின்றுகொண்டுதான் இருக்கும். இதைவிட ஆதாரம் என்ன வேண்டும்? தபாலில் போடுவதற்கு முன் அந்தக் கடிதத்தை எத்தனை முறை படித்து ரசித்தேன் என்று கணக்கில்லை. கடைசியில் மனப்பாடமே ஆகிவிட்டது.

அடுத்த வாரம், எங்கள் கல்வி மாவட்டத்துப் பள்ளிகள் எல்லாவற்றிலும் பாதுகாப்பு, கல்வி, விளையாட்டு வாரம் கொண்டாடவேண்டும் என்று ஒரு சர்க்குலர் வந்தது. பழைய வாத்தியார்கள் எல்லோருக்கும் அன்றைக்கே முதுகுவலி வந்துவிட்டதால் நான் செயலாளர் ஆனேன். பரிசுப் பொருள்களை பஸ் முதலாளி தருவதாகவும், கடைசி நாளான வெள்ளிக்கிழமை அவரே தலைமை தாங்குவதாகவும் தலைமையாசிரியர் சொன்னார். ஒரு விபத்துகூடச் செய்யாத டிரைவர் ஒருவரைப் பிடித்து வந்து அதே மேடையில் கௌரவிக்கவேண்டும், அது என் பொறுப்பு என்றும் சொன்னார். நான் பஸ் ஸ்டாண்டில் போய் விசாரித்தேன். டீக்கடைக்காரர், டயர் கடைக்காரர், போட்டி பஸ்ஸின் கிளீனர் உட்பட எல்லோரும் ஒரே ஆளைத்தான் கைகாட்டினார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கோழிகூட அடிபட்டதில்லையாம்.

சரி, வேறு யாரையாவது பார்ப்போம் என்று இருந்தேன். அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கிய பிறகு செகண்ட் கியர் என்னைக் கூப்பிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"அச்செழுத்துன்னா கூட்டிப் படிச்சுடுவேன் சார். கையெழுத்து வராது. என் மேல யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. இன்னான்னு படிச்சுச் சொல்லுங்க."

என் முத்து முத்தான எழுத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை, காகிதத்தைப் பார்க்கவும் முடியவில்லை. ஜன்னல் வழியே வாழைப்பழக் கடையைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் படித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். படித்தவர் யாரோதான் எழுதியிருக்கணும், நல்லா எழுதியிருக்கார் என்றார்.

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். விழா வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமையிலிருந்து அவரை வண்டியிலிருந்து இறக்கி, ஷெட்டில் பஸ் கழுவும் வேலைக்குப் போடப்போகிறாராம் முதலாளி. ஏதாவது சொல்லிக்கொள்ள வேண்டுமானால் எழுதி, இதையும் சேர்த்துத் திருப்பிக் கொடு என்று அந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"கழுவுறது ஒண்ணும் கேவலம் இல்ல சார். ஆனா அந்த சீட்ல உக்காந்து ரோட்டைப் பாக்காம எனக்குப் பொழுது போகாது. நீங்க ஒரு பதில் எழுதிக் குடுங்க."

அவர் மேல் குற்றம் சாட்டியவனே அவருக்கு வக்கீலும் ஆனேன். கையெழுத்தை முதலாளி ஒப்பிட்டுப் பார்த்துவிடுவாரே என்று இடது கையால் எழுதினேன். எழுத்து ஒவ்வொன்றும் குடித்துவிட்டு நிற்பது போல இருந்தது. சார் இடது கைப் பழக்கமா என்று கேட்டார். வலது கை சுளுக்கு என்றேன். அந்தக் கையில்தான் அப்போது டிபன் பாக்ஸைப் பிடித்திருந்தேன். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அவரையே வெள்ளிக்கிழமை மேடைக்கு அழைத்துவிட்டும் வந்தேன். முதலாளி கண் முன்னால் மாலை விழுந்தால் மனசு மாறலாம் என்று ஒரு நப்பாசை.

விழா வாரத்தில் நான் ஆற்றிய தொண்டை விரிவாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை சாலைப் பாதுகாப்பு. வலப்பக்கம் பார், இடப்பக்கம் பார், மறுபடி வலப்பக்கம் பார் என்று மைதானத்தில் நடந்து செய்துகாட்டினேன். எல்லாப் பக்கமும் பார்த்ததில் நேரே வந்த தலைமையாசிரியரின் சைக்கிளைப் பார்க்கவில்லை. புதன்கிழமை வினாடி வினாவில், நான் எழுதி வைத்திருந்த விடைகளில் இரண்டு தப்பு என்று ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து சொன்னாள். சரிபார்த்ததில் மூன்று.

வெள்ளிக்கிழமை விளையாட்டு விழா. ஊரே வந்திருந்தது. மேடையில் தன் டிரைவரைப் பார்த்ததும் முதலாளி முகம் சுண்டிப்போயிற்று. மாலையும் துண்டும் போட்டோம், அவர் கைதட்டக்கூட இல்லை. என் நப்பாசை அங்கேயே செத்தது.

கடைசியில் ஆசிரியர்களுக்கும் விருந்தினர்களுக்கும் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டி. முப்பது மீட்டர் தூரம், கால் தரையில் படக்கூடாது, கடைசியாக வந்து சேருகிறவருக்குப் பரிசு. டிரில் மாஸ்டர், தமிழய்யா, நான், செகண்ட் கியர், நான்கு பேர். விசில் ஊதினதும் நான் நாலு மீட்டர் போனேன். அப்படியே சாய்ந்து நீளம் தாண்டும் மணல் குழியில் விழுந்தேன். பேன்ட் முழங்காலில் கிழிந்தது. என் வகுப்புப் பிள்ளைகள்தான் ஜாஸ்தியாகச் சிரித்தார்கள்.

டிரில் மாஸ்டரும் தமிழய்யாவும் போய்ச் சேர்ந்து, சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, ஆளுக்கொரு டம்ளர் மோர் குடித்தும் ஆயிற்று. செகண்ட் கியர் பாதி தூரத்தில் இருந்தார். அப்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. அவர் சைக்கிளை அப்படியே நிறுத்தினார். கால் ஊன்றாமல், கைப்பிடியை இப்படியும் அப்படியும் லேசாக அசைத்துக்கொண்டே, நாய் சொறிந்து முடித்துவிட்டுப் போகும்வரை நின்றார். முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். கோட்டைத் தாண்டியதும் ஜனங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வயல் கொக்குகள் எல்லாம் பறந்தன.

எவர்சில்வர் டம்ளரைப் பரிசாகக் கொடுத்த கையோடு முதலாளி மைக்கைப் பிடித்தார். பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். இந்த ஆள் மேல் ஒரு கடுதாசி வந்திருக்கிறது, எழுதியவர் பெயர் போடவில்லை, இந்தப் பக்கத்து ஆளாகத்தான் இருக்கவேண்டும், இங்கே இருந்தால் எழுந்து வந்து சொல்லட்டும், நியாயம் இருந்தால் நடவடிக்கை எடுக்கிறேன் என்றார்.

நான் என் கிழிந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "அவரு ஓட்டுறாருன்னுதான் எம் பொண்ண பஸ்ஸுல பள்ளிக்கூடம் அனுப்புறேன். அவர எறக்கினா அவ படிப்பு நின்னுடும்" என்றார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. முதலாளி ஒரு நிமிஷம் பார்த்தார். பெயர் சொல்ல தைரியம் இல்லாதவன் பேச்சை நான் ஏன் கேட்கவேண்டும், திங்கட்கிழமை நீயே வண்டியை எடு என்று சொல்லிவிட்டார். என் கோழைத்தனத்தால் ஒருவருக்கு நல்லது நடந்தது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

கடிதத்தைக் கிழிக்கப் போனவரை செகண்ட் கியர் தடுத்தார். எழுத்து அழகாக இருக்கிறது, என்னிடமே கொடுத்துவிடுங்கள் என்று வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வழக்கம்போல எட்டு ஏழுக்கு ஓடினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் வாசலில் கடுகடுவென்று இருந்தார்.

"வாங்க சார். உங்களாலதான் நாங்க தினம் திட்டு வாங்குறோம்."

"என்னாலயா?"

"எட்டாச்சு, எடுங்கண்ணான்னா, வாத்தியார் வரட்டும்னு நிறுத்தி வெச்சுடுறாரு. கடுதாசி போட்டவன் மட்டும் கையில கெடைக்கட்டும், அப்புறம் இருக்கு."

முதல் சீட்டில் போய் உட்கார்ந்தேன். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் முன்னால் குனிந்து, டிரைவர், அந்தக் கடுதாசி என்று ஆரம்பித்தேன்.

அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் சார்" என்றார்.

"எப்பத்துலருந்து?"

"நீங்க படிச்சப்பவே. காகிதத்தைப் பாக்காமயே படிச்சீங்களே. அப்புறம் எடது கையில வேற எழுதினீங்க."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க வெக்கப்பட்டுட்டு வேற பஸ்ல போயிடுவீங்க. அந்த டிரைவர் உங்களுக்காக ஏழு நிமிஷம் நிப்பானா?"

மறுநாளிலிருந்து ஏழே முக்காலுக்கே போய் நின்றேன். இந்த ஞானோதயம் சரியாக நாலு நாள் நீடித்தது. ஐந்தாம் நாள் மறுபடி எட்டு ஏழு. பஸ் நின்றுகொண்டுதான் இருந்தது.

எண்பதுகளில் மாற்றலாகி வேலூர்ப் பக்கம் போய்விட்டேன். பல வருஷம் கழித்து அந்தக் கண்டக்டரைத் தேரடியில் பார்த்தேன். நான் போன பிறகும், ரிடையர் ஆகும்வரை, செகண்ட் கியர் எட்டு ஏழுக்குத்தான் வண்டியை எடுத்தாராம். வாத்தியார்தான் போய்ட்டாரே என்று கேட்டால், அவர் மாதிரி வேறு யாராவது ஓடி வந்தால் என்ன செய்வது என்பாராம்.

எனக்கு இன்னும் புத்தி வரவில்லை. இப்போதும் எல்லா இடத்துக்கும் தாமதமாகத்தான் ஓடுகிறேன். அதற்கப்புறம் எந்தப் பஸ்ஸும் எனக்காக நின்றதில்லை. ஆனாலும் தெருமுனை திரும்பும்போது, அங்கே அவர் நிறுத்தி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டுதான் ஓடுகிறேன்.