நங்கூரத்துக்குக் கொடுத்த எர்த்

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்து நண்டு நடந்த மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எங்கே ‘ர’, எங்கே ‘ற’ என்று இன்னும் தடுமாற்றம். எங்கள் சனசமூக நிலைய மலருக்கு எழுதச் சொல்லி மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஊரே சொல்லிச் சிரிக்கிற கதையை நானே எழுதினால் கொஞ்சம் குறைத்து எழுதலாம் என்று நினைத்தேன். (குறைக்க முடியவில்லை.)

மகள் வேலை செய்யும் இடத்தில் ஒரு பொடியனை விரும்பினாள். பொடியனின் தகப்பன் மானிப்பாய்க்காரர், தபால் கந்தோரில் இருந்து இளைப்பாறியவர். அவருக்கு அரைமனம். “பெட்டையின்ரை தகப்பனோடை கதைச்சுப் பாத்திட்டுத்தான் முடிவு சொல்லுவன்” என்று அறிவித்துவிட்டார். புது ஆளைக் கண்டால் என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

“வள்ளத்திலை ஏத்திக்கொண்டு போங்கோ அப்பா. தண்ணியிலை எண்டா உங்களுக்குக் கதை வரும்” என்றாள் மகள்.

என் பழைய வள்ளத்தின் மண்ணெண்ணெய் எஞ்சின் போடும் சத்தத்தில் யாரும் யாரோடும் கதைக்க முடியாது. கனடாவில் இருக்கும் மனைவியின் தம்பி அனுப்பிய பற்றரி மோட்டர் ஒன்று பெட்டி பிரிக்காமல் கிடந்தது. அது சத்தமே போடாதாம். அதை வள்ளத்தில் பூட்டிவிடுவோம் என்று துணிந்தேன். வயரிங் வேலை தெரிந்தவர்களைக் கேட்க வெட்கம். மச்சானுக்கே போன் எடுத்தேன்.

“சிவப்பு வயர் பற்றரியின்ரை பிளஸுக்கு, அத்தான். கறுப்பு எர்த். விளங்கிச்சோ?”

“ஓம், ஓம்.”

(விளங்காவிட்டால் நான் இரண்டு தரம் ஓம் சொல்வேன்.)

எர்த் என்றால் எனக்குத் தெரியும். வீட்டுக்குக் கறண்ட் எடுத்தபோது கிணற்றடியில் ஒரு இரும்புக் குழாயை மண்ணுக்குள் இறக்கி வயரைக் கட்டினார்கள். இல்லாவிட்டால் கறண்ட் ஆளை அடித்துப் போட்டுவிடுமாம். வள்ளத்துக்கு மண் எங்கே? தண்ணீருக்கு அடியில். அந்த மண்ணில் போய் இறங்குகிற இரும்பு எது? நங்கூரம்! மோட்டரின் கறுப்பு வயரையும் பற்றரியின் மைனஸ் வயரையும் நீட்டி, ஒன்றாக முறுக்கி, நங்கூர வளையத்தில் இறுக்கிக் கட்டினேன். நங்கூரம் கிடந்தால் வள்ளம் போகாது என்பது, சின்ன வயதிலிருந்து கடலுக்குப் போகிற எனக்குத் தோன்றவேயில்லை. கறண்ட் என்றதும் கடல் மறந்துபோயிற்று. (மச்சான் எர்த் என்று சொன்னது பற்றரியின் மைனஸைத்தானாம், பிறகுதான் தெரியும்.)

பெரியவர் சலவை வேட்டியோடு வந்து ஏறினார். கரையில் மனைவி, மகள், பொடியன். இடுப்பளவு தண்ணீர் வரை வள்ளத்தைத் தள்ளிக்கொண்டுபோய், நானும் ஏறி, நங்கூரத்தைப் பக்குவமாக இறக்கிவிட்டு மோட்டரைத் திருகினேன். சத்தமில்லாமல் வள்ளம் புறப்பட்டது. கயிறு இறுகியதும் ஒரு பக்கம் வளைந்தது. பிறகு நங்கூரத்தைச் சுற்றத் தொடங்கியது.

முதல் சுற்றில் மகள் கை காட்டினாள். அடுத்த சுற்றில் கையை இறக்கிவிட்டாள்.

“தம்பி, நாங்கள் எங்கை போறம்?”

“உதிலை... உங்காலை...” என்றேன்.

“நங்கூரமெல்லோ கிடக்கு!” அவர் எழும்பிக் கயிற்றைப் பிடித்தார்.

“தொடாதேங்கோ! கறண்ட்! செத்துப்போவியள்!”

அன்று நான் அவரோடு கதைத்த முதல் முழு வசனம் அதுதான். அதோடு நிற்காமல், பாய்ந்து அவரைத் தண்ணீருக்குள் தள்ளியும் விட்டேன்.

முதலில் வேட்டி மிதந்தது. பிறகு அவர் எழும்பினார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, குனிந்து நங்கூரத்தை வெறுங்கையால் தூக்கினார்.

“எங்கையப்பா கறண்ட்?”

வள்ளம் அவரையும் இழுத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடியது. அவர் வயர் முறுக்கைப் பிரித்துப் பிடுங்கி எறிய, மோட்டர் நின்றது. நான் இறங்கியிருக்க வேண்டும். வெட்கத்தில் கால் வரவில்லை. வள்ளத்துக்குள் குந்திக்கொண்டே இருந்தேன். பெண் பார்க்க வந்த மனுசன் கயிற்றைத் தோளில் போட்டு, என்னை இழுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார்.

கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். மகளின் கண் கலங்கியிருந்தது.

அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டு அவளைப் பார்த்தார். “பிள்ளை, கொப்பர் என்னைக் கொல்லத் தள்ளேல்லை, காப்பாத்தத்தான் தள்ளினவர். எனக்கு அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம். கலியாணத்தை வைப்பம். ஆனா பந்தல் லைட்டுகளிலை உந்த மனுசன் கை வைக்கக்கூடாது.”

வைக்கவில்லை. இப்போது வீட்டில் பல்ப் மாற்றவும் எனக்கு அனுமதியில்லை. சம்பந்தி எப்போது வந்தாலும் படலையடியில் நின்று, “வரலாமோ? நிலத்திலை கறண்ட் ஏதும் விட்டிருக்கோ?” என்று கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனாலும் அந்த ஈர வேட்டியை நினைத்தால் இன்றைக்கும் காது சுடும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ட்ரிப் சுவிச் விழுந்து வீட்டில் கறண்ட் நின்றுவிட்டது. தூக்கிவிட்டால் சரி. மனைவி மருமகனுக்குப் போன் எடுத்துவிட்டாள். “ஆறுதலா வாங்கோ தம்பி. மாமா தொடமாட்டார், நான் பக்கத்திலைதான் இருக்கிறன்.”

2025, புரட்டாதி, முதல் சனிக்கிழமை.