வாய்தா வேணாம், சார்

“சார், இன்னிக்கு வாய்தா வேணாம்.”

சொல்லிவிட்ட பிறகுதான் ஜூனியர் வக்கீல் வினோதினிக்கு அந்த எச்சரிக்கை ஞாபகம் வந்தது. இந்தக் கேஸ் ஆபீஸுக்கு வந்த அன்றே குமாஸ்தா கலையரசன் அவளை ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “லீவு கேளு, சம்பளம் கேளு, சண்டகூட போடு. கூத்து கேஸ்ல வாய்தா வேணாம்னு மட்டும் சாராண்ட சொல்லிடாத.” ஏன் என்று கேட்டதற்கு, துடைத்த மேஜையையே மறுபடி துடைக்கப் போய்விட்டார்.

வக்கீலும் கவிஞருமான புகழேந்தி மெதுவாகத் தலையைத் தூக்கினார். இரண்டு காதிலும் பஞ்சு. மண்டையைப் பிளக்கும் வெயிலிலும் பஞ்சு. கேட்டால் குளிர் என்பார்.

“இன்னா சொன்ன?”

“என்ன சார்…”

“‘இன்னா’ன்னு சொல்லு. மண்ணு பாஷைய உட்டவன் மனுசனே இல்ல.”

வட்டாரப் பேச்சுக்காகவும் தெருக்கூத்துக்காகவும் மேடைக்கு மேடை முழங்குகிறவர். வினோதினியின் அம்மா பேசும் பேச்சை வினோதினிக்கே திருத்திச் சொல்லிக்கொடுக்கிறவர். கூத்துத் திடலைப் பார்த்தபடியே வாழ வேண்டும் என்று, வேங்கிக்காலுக்கு அந்தாண்ட அவள் ஊர் எல்லையிலேயே புது வீடு கட்டியிருந்தார். கூத்தைப் பற்றி ஒரு காவியமும் எழுதிக்கொண்டிருந்தார். வீடு முடிந்துவிட்டது. காவியம் முதல் பாட்டிலேயே நின்றது.

இந்த வருடம், சத்தம் ஜாஸ்தி என்று யாரோ புகார் சொன்னதாகப் போலீஸ் கூத்துக்கு அனுமதி மறுத்துவிட்டது. ஊர்க்காரர்களைக் கூட்டிவந்து இவரிடம் கேஸைக் கொடுக்கவைத்தவளே வினோதினிதான். அன்று மாலை கூத்துக்குக் கொடி ஏற வேண்டும். இன்றைக்கும் வாய்தா என்றால் கூத்து கிடையாது. துரியோதனன் வேஷம் கட்டும் அப்பா திருமலையின் முகத்தில் எப்படி விழிப்பது? சார் கோபித்துத் துரத்திவிட்டால் அதைவிட மோசம். மாமனோ சித்தப்பனோ கோர்ட்டில் இருக்கிறவனுக்குத்தான் இந்தத் தொழிலில் நாற்காலி. வீட்டில் முதல் பட்டம் வாங்கியவளுக்குக் கதவோரம் நிற்க இடம் கிடைத்ததே பெரிய காரியம்.

“எனக்கும் வாதாட ஆசதான். தொண்ட கட்டிக்கிச்சே,” என்று புகழேந்தி கரகரத்தார்.

வினோதினி எதிர் டீக்கடைக்கு ஓடினாள். சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து வாங்கிவந்தாள். குடித்தார். தொண்டை திறந்தது. கூடவே காவியமும் திறந்துகொண்டது. முதல் பாட்டை மூன்று ராகத்தில் பாடிக் காட்டினார்.

“சார், கோர்ட்டுக்கு நேரமாவுது.”

“கவித வரசொல்ல கோர்ட்டு இன்னா கோர்ட்டு?”

பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். “ஜட்ஜம்மாவுக்குக் கவிதைன்னா உசுரு சார்.”

அவர் முகம் மலர்ந்தது. “அப்டியா! அப்ப அங்கயே பாடிடறேன்.”

கலையரசன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அன்று பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் கார் நகராது என்று வாசலிலேயே மறுபடி பின்வாங்கினார் புகழேந்தி. வினோதினி தன் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். “ஏறுங்க சார்.”

கறுப்புக் கோட்டோடு ஏறி, அவள் தோள்பையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். செங்கம் ரோட்டில் மாடு ஒன்று குறுக்கே வந்ததும் “அண்ணாமலையாரே!” என்று அலறினார். எதிரே வந்த பக்தர் கூட்டம் “அரோகரா!” என்றது.

வண்டி நெரிசலில் நின்றபோது அப்பாவின் போன். “இன்னாம்மா, கொடி ஏத்தலாமா?”

“வேஷத்த எடுத்து வெளிய வையி நைனா.” சொன்ன வாயைத் தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

கோர்ட்டில் வழக்கைக் கூப்பிட்டதும் புகழேந்தி எழுந்தார். கண்ணை மூடினார். பாட ஆரம்பித்துவிட்டார்.

“என்ன சார் இது?” என்றார் நீதிபதி.

“மண்ணின் குரல், மேடம். உங்களுக்குக் கவிதைன்னா உசுருன்னு எங்க ஜூனியர் சொல்லிச்சு.”

நீதிபதியின் பார்வை வினோதினி மேல் வந்து நின்றது. அவள் கேஸ் கட்டில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

“இன்னொரு அடி பாடினீங்கன்னா வெளிய அனுப்பிடுவேன். வாதம் இருக்கா, இல்லையா?”

“வாய்தா வேணும் மேடம்,” என்றார் புகழேந்தி. கரகரப்பு கொஞ்சமும் இல்லை.

“வேணாம் மேடம்!”

கத்தியது தான்தான் என்று வினோதினிக்கே தாமதமாகத்தான் புரிந்தது. புகழேந்தி பின்னாலிருந்து அவள் கோட்டைப் பிடித்து இழுத்தார். படித்த சட்டப் பிரிவு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கோபம் மட்டும் வந்தது.

“ஸ்பீக்கருக்குத்தான் மேடம் தடை இருக்கு. எங்க கூத்துல ஸ்பீக்கரே கெடையாது. மனுசன் தொண்டைக்கு எந்தச் சட்டத்துல தடை? விநாயகர் ஊர்வலத்துக்கு, கட்சிக் கூட்டத்துக்கு எல்லாம் குடுக்கறாங்க. எங்க சனம் கேட்டா மட்டும் காது வலிக்குதா?”

நீதிபதி அரசு வக்கீலைப் பார்த்தார். அரசு வக்கீல், ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த ஏட்டு முருகவேலைப் பார்த்தார். ஸ்பீக்கர் இல்லைதான் என்று முருகவேல் தலையாட்டினார்.

“ஸ்பீக்கர் இல்லாம நடத்திக்கட்டும். போலீஸ் தடுக்கக் கூடாது.”

வராந்தாவில் ஊர்க்காரர்கள் புகழேந்திக்குத் துண்டு போர்த்தினார்கள். “மண்ணு ஜெயிச்சிருச்சு!” என்று கையை உயர்த்தியவர், அதே சிரிப்போடு வினோதினியின் பக்கம் குனிந்தார். “என்னைக் கேட்காமல் எப்படி வாயைத் திறந்தாய்? இனிமேல் எந்தக் கோர்ட்டில் நிற்கிறாய் என்று பார்க்கிறேன்.”

காலையில் இதைக் கேட்டிருந்தால் அழுதிருப்பாள். ஆனால், ‘வேணாம்’ என்று கத்தியபோதே உள்ளே ஏதோ முடிவாகிவிட்டிருந்தது. கேஸ் கட்டை அவர் கையில் வைத்தாள்.

“நாளைலேர்ந்து வரல சார்.”

திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். பயம் போகவில்லை. அதுவும் கூடவே இறங்கியது. கீழே பைக்கில் சாய்ந்து நின்ற ஏட்டு முருகவேல், தன்னைத் தாண்டிப் போனவளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“ராத்திரி பந்தோபஸ்து எனக்குத்தாம்மா. உங்க சாராண்ட காதுல பஞ்ச இன்னும் ஜாஸ்தியா வெச்சிக்கச் சொல்லு. போன தடவ மாதிரி ‘இந்தச் சத்தத்துல காவியம் ஓடல, கூத்த நிறுத்துங்க’ன்னு ஸ்டேஷன்ல வந்து ஒக்காந்தாருன்னா, இந்த வாட்டி எங்களால ஒண்ணும் பண்ண முடியாது!”