பெரிய டாக்டர் கை கழுவினாரா?

ஒளிந்திருந்து அடுத்தவரை நோட்டம் பார்ப்பது கேவலமான வேலை. அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தவன் நான். அதிலும் ஒழுங்காக ஒளியத் தெரியாதவன்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. நோய்த்தொற்றுத் தடுப்புப் பிரிவில் நான் சேர்ந்து பத்து நாள். (புதுச்சேரியின் கிருமிகளில் பாதி என்னைப் பார்த்தே ஓடிவிட்டதாக நம்பிக்கொண்டிருந்தேன்.) பிரிவின் தலைவி ரோசலின் சிஸ்டர் கூப்பிட்டார்.

"பொம்பளைங்க வார்டுல ரெண்டு பேருக்கு ஆபரேஷன் புண்ணுல சீழ் வச்சிருக்கு. ரவுண்ட்ஸ் வர்றவங்க கை கழுவிட்டுத் தொடறாங்களான்னு பாரு. நாம பாக்கறது தெரிஞ்சா எல்லாருமே கழுவுவாங்க. தெரியாமப் பாரு."

புத்தியுள்ளவன் நர்ஸ் மேசையருகே ஃபைலைப் புரட்டிக்கொண்டு நின்றிருப்பான். நான் சீருடையைக் கழற்றி, அடையாள அட்டையை டிராயரில் வைத்துப் பூட்டி, கட்டம் போட்ட சட்டையில் போய், காலியாக இருந்த ஆறாம் கட்டிலின் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

பெரிய டாக்டர் வந்தார். கட்டிலுக்குக் கட்டில் சானிடைசர் பாட்டில் தொங்கியது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ஆனந்தமாக எழுதிக்கொண்டிருந்தபோது திரை சடக்கென்று விலகியது.

ஐந்தாம் கட்டிலில் மகளைச் சேர்த்திருந்த மீன்கார அஞ்சலை அக்கா! "டேய்! பொம்பளைங்க வார்டுல ஒளிஞ்சிக்கினு இன்னாடா எழுதுற? செல்போன் திருட வந்தியா?"

"நான்... ஸ்டாஃப்..."

"கார்டு எங்க?"

கார்டு டிராயரில். என் சட்டைக் காலர் அக்கா கையில். டாக்டரோ எதிரிலேயே நிற்கிறார். உண்மையைச் சொன்னால் ரகசியம் போய்விடும். அடி வாங்கியாவது அதைக் காப்பது என்று தீர்மானித்தேன். அதற்குள் அக்கா நோட்டைப் பிடுங்கி நர்ஸிடம் நீட்டிவிட்டார்.

"சத்தமாப் படிம்மா!"

நர்ஸ் படித்தார். "பெரிய டாக்டர். தொட்டது நாலு பேர். கை கழுவியது பூஜ்யம்."

அக்கா என் காலரை விட்டுவிட்டு டாக்டர் பக்கம் திரும்பினார். "இன்னா டாக்டரே, நெசமா? மீன் வெட்டுன கையோட நான் எம் பேரப்புள்ளையத் தொட மாட்டேன். நீங்க புண்ணத் தொட்ட கையோட எம் பொண்ணு தையலத் தொட வர்றீங்க?"

டாக்டருக்குக் காது வரை சிவந்தது. சானிடைசர் பாட்டிலை அமுக்கி, விரல் இடுக்கு, நகக்கண் என்று நிதானமாகக் கைகளைத் தேய்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அரை மணி நேரமா அந்த அழுக்குத் திரையப் புடிச்சிட்டு நிக்கிற. நீ எத்தன வாட்டி கழுவுன?"

(மூக்கை வேறு சொறிந்துகொண்டிருந்தேன்.)

நர்ஸ் யாரும் சொல்லாமலே என் பெயரை எழுதி, பக்கத்தில் இன்னொரு பூஜ்யம் போட்டார்.

வேலை போகவில்லை. அன்று முதல் பெரிய டாக்டர் ஒவ்வொரு கட்டிலிலும் கையைத் தேய்த்தார். போகும்போது ஆறாம் கட்டில் திரையை ஒருமுறை விலக்கியும் பார்த்தார். ஆனால் என் அம்மா வாராவாரம் மீன் வாங்குவது இதே அஞ்சலை அக்காவிடம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொந்தபந்தம் முழுக்கச் சேதி போய்விட்டது. இன்றைக்கும் விருந்துக்கு வருகிறவர்கள் ஈரக் கையை என் முகத்துக்கு நேரே காட்டி, "எழுதிக்கப்பா" என்றுவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறார்கள்.

போன வருடம் எங்களுக்கு மகள் பிறந்தாள். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். கண் கலங்க இரண்டு கைகளையும் நீட்டினேன். பிரசவ அறைக்குள்ளிருந்து, அத்தனை களைப்பிலும், மனைவியின் குரல் கணீரென்று வந்தது.

"சிஸ்டர், குடுத்துடாதீங்க! மொதல்ல அவரு கை கழுவுனாரா கேளுங்க!"

கழுவியிருக்கவில்லை.