கப்பல்காரர் நட்ட கொடிகள்

சேர்வராயன் மலையில், நாலாயிரம் அடிக்கு மேலே, கடலுக்குப் பயந்து வாழ்ந்த ஒரே மனிதர் கப்பல்காரர்தான்.

கொட்டச்சேட்டுப் பக்கம் நான் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த காப்பி எஸ்டேட்டில் அவர் வாட்ச்மேன். இளவயதில் சேலத்துக்கு ஆரஞ்சு விற்கப் போனவர், கூடையைச் சந்தையிலேயே விட்டுவிட்டு உலகப்போருக்குப் போய்விட்டார். எதிரி கடலில் போட்ட கண்ணிவெடிகளை வாரி, பின்னால் வரும் கப்பல்களுக்கு வழி திறக்கும் கப்பலில் வேலை. வாரி முடித்த பாதையின் ஓரத்தில் கொடிகளை மிதக்கவிடுவது அவர் பொறுப்பு.

முப்பது வருடம் கழித்தும் அந்த வேலையை அவர் விடவில்லை. தினமும் காலையில் மூங்கில் கழியில் கயிற்றைக் கட்டி, நாங்கள் குடியிருந்த லயத்திலிருந்து ஆபீஸ் வரை தரையோடு இழுத்துக்கொண்டு நடப்பார். போக ஒருமுறை, வர ஒருமுறை, மறுபடி ஒருமுறை. ஓரமெல்லாம் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள். அதன்பிறகுதான் பழம் பறிக்கும் பெண்கள் நகரலாம். அவர்களில் ஒருத்தி தினமும் கேட்பாள்:

“ஏனுங்க கப்பல்காரரே, இன்னைக்காச்சும் ஒரு கெண்டை மாட்டுச்சுங்களா?”

“மாட்டியிருந்தா இந்த வாய் இருக்காது கண்ணு. கொடிக்குள்ளயே போ.”

ஒருமுறை மேனேஜரின் ஜீப்பையே மறித்தார். மேனேஜர் இறங்கி நடந்தார். ஜீப் மதியம்வரை நங்கூரமிட்டு நின்றது.

அந்தக் கப்பலின் சரித்திரத்தை என்னிடம் ஆறுமுறை சொன்னார். ஆறையும் டைரியில் எழுதி ஒப்பிட்டேன். துறைமுகங்கள் மாறவில்லை. வாரிய வெடிகள் முப்பத்தொன்று, அதுவும் மாறவில்லை. ஆறுமுறையும் ஒரே இடத்தில்தான் நிறுத்தினார்: பனி மூடிய ஒரு காலை, பின்னால் வந்த சரக்குக் கப்பல் வெடித்தது.

“நாங்க வாரின பாதைக்குள்ளயா, வெளியிலயாங்க? அதை மட்டும் கேட்டு எழுதுங்க ரைட்டரே. நொம்ப நாளா தூக்கமில்லீங்க.”

கடற்படை அலுவலகத்துக்கு நான்கு கடிதங்கள் எழுதினேன். 1979 மழைக்காலத்தில் பதில் வந்தது. ஒரே தாள். கப்பல் போன துறைமுகங்கள், செய்த பணி, கடைசியில் உடைத்து விற்கப்பட்டது வரை எல்லாம் இருந்தன. அந்தக் காலையைப் பற்றியும் ஒரு வரி: வெடித்த கப்பல், வாரிய பாதையைவிட்டு அரை மைல் விலகிப் போயிருந்தது.

“உங்க மேல தப்பில்லீங்க! பாதை சுத்தமா இருந்திருக்கு!” ஏறக்குறைய கத்தினேன்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். படிக்கத் தெரியாது, ஆனாலும் வெகுநேரம் பார்த்தார்.

“அப்ப, என்ற கொடி அவங்க கண்ணுக்குத் தெரியிலீங்க.”

டைரியில் அன்றைய பக்கத்தில் மழை அளவு மட்டுமே இருக்கிறது.

மறுநாள் கடும் பனி. குச்சிகளில் புதிய கொடிகள், ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல். தன்னிடமிருந்த ஒரே சிவப்புக் கம்பளியைக் கிழித்திருந்தார். பெண்கள் அன்று கெண்டையைப் பற்றிக் கேட்கவில்லை.

அவர் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. குச்சிகளும் மக்கிவிட்டன. லயத்திலிருந்து ஆபீஸுக்குக் குறுக்கு வழியில் ஏழு நிமிடம். அவருடைய வழியில் பதினொன்று. பனி நாட்களில் நான் பதினொரு நிமிடம் நடக்கிறேன்.