கோழிக்குஞ்சுகளுக்கு நான் கொடுத்த சுதந்திரம்

எங்கள் குடும்பத்தில் கோழிக்கறியைத் தொடாத ஒரே ஆள் நான்தான். ஒரே காலையில் அதிகக் கோழிகளைக் கொன்ற ஆளும் நானேதான். இரண்டும் ஒரே வருடத்தில் நடந்தன.

கோவையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த எனக்கு, செல்போனில் சில வீடியோக்களைப் பார்த்ததும் ஜீவகாருண்யம் வந்துவிட்டது. (சிலருக்குச் சர்க்கரை வருகிற மாதிரி, திடீரென்று.) முதலில் கறியை விட்டேன். பிறகு முட்டை, பால், தயிர். கடைசியில், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களையும் நிம்மதியாக விடவில்லை.

இந்த லட்சணத்தில் என் அக்கா வைத்திருப்பதோ பிராய்லர் கோழிப்பண்ணை. உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில், தோட்டத்துக்குள்ளேயே. கம்பெனிக்காரர்கள் குஞ்சு கொண்டுவந்து இறக்குவார்கள். நாற்பது நாள் வளர்த்துக் கொடுத்தால் லாரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அந்த ஆனி மாதம் நான் லீவில் அங்கே போயிருந்தபோது, மச்சானின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது.

"நீ வர வேண்டாஞ்சாமி" என்றாள் அக்கா, பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டே. "அங்க வந்து இந்தச் சீலைக்கு எத்தன புழுவக் கொன்னீங்கன்னு எல்லார்த்தையும் கேப்ப. ஊட்லயே இரு. குஞ்சு எறக்கி மூணு நாள்தான் ஆகுது. படுதாவத் தொடாத. பல்ப அணைக்காத. வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"செரிங்க்கா" என்றேன். மச்சானின் பைக் கேட்டைத் தாண்டியதும் நேராகக் கோழிக்கொட்டகைக்குப் போனேன்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். நாலு பக்கமும் படுதா. நடுவே வட்டமாகத் தகரத் தடுப்பு. அதற்குள் உள்ளங்கை அளவு மஞ்சள் குஞ்சுகள், தலைக்கு மேலே எரியும் குண்டு பல்புகள். வெளியே இவ்வளவு வெயிலும் காற்றும் இருக்க, இதுகளுக்கு மட்டும் ஜெயிலா?

மேற்குப் பக்கத்துப் படுதாவைச் சுருட்டி மேலே கட்டினேன். (பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்துதான் வரும் என்பது இந்தப் பக்கத்தில் பிறந்த எந்த மடையனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.) தகரத்தைப் பிரித்தேன். பல்புகளை அணைத்தேன். "போங்க கண்ணுகளா, ஓடுங்க" என்று வாய்விட்டுச் சொன்னேன். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. குஞ்சுகள் நாலா பக்கமும் ஓடின. இப்படி ஒரு நல்லவன் இந்த வீட்டில் பிறந்திருக்கிறானே என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, பால் இல்லாத காப்பி போடப் போனேன்.

திரும்பி வந்தபோது அவை எல்லாம் ஒரே மூலையில் சேர்ந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அந்த அன்பைப் பார்த்து உருகிப்போனேன். போட்டோ எடுத்து, 'விடுதலை கிடைத்த பிறகும் என்ன ஒற்றுமை!' என்று எழுதிக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டேன். பெரியப்பா கும்பிடுகிற கையைப் போட்டார். சித்தி 'அருமை கண்ணு' என்றாள்.

அடுத்த நிமிடம் அக்கா கூப்பிட்டாள். பின்னால் கெட்டிமேளம் கேட்டது.

"டேய், பிரிச்சு உடுடா! மொதல்ல அதுகளப் பிரிச்சு உடு!"

"ஏனுங்க்கா, பாசமாத்தானே..."

"பாசமில்லடா, குளுரு! ஒண்ணு மேல ஒண்ணு ஏறி அமுக்குது. அடியில கெடக்கறது மூச்சு முட்டிச் சாகுதுடா!"

கையை உள்ளே விட்டேன். மேலே இருந்த குஞ்சுகள் நடுங்கின. அடியில் இருந்தவை நல்ல சூடாக இருந்தன. அசையத்தான் இல்லை. அள்ளி அள்ளி விலக்கினேன். விலக்க விலக்க, உயிரோடு இருந்தவை மறுபடியும் ஓடிவந்து குவியலில் ஏறின. படுதாவை இறக்க வேண்டும், பல்பைப் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவற்றைக் கத்தித் திட்டிக்கொண்டிருந்தேன்.

தாலி கட்டி முடிந்த கையோடு கிளம்பி வந்த அக்கா, நேராகக் கொட்டகைக்குள் போனாள். படுதாவை இறக்கினாள், பல்பைப் போட்டாள், அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குற்றுயிராகக் கிடந்தவற்றைப் பட்டுச்சேலை மடியில் அள்ளிப் போட்டு மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து வாயால் ஊதினாள். சில கண்ணைத் திறந்தன. பல திறக்கவில்லை. அக்கா அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

செத்தவற்றை மச்சான் பெயிண்ட் வாளியில் போட்டுச் சுமந்தார். ஒரு வாளி போதவில்லை. தென்னை மரத்தடியில் நான் குழி வெட்டினேன். வாயை மூடிக்கொண்டு வெட்டியிருக்கலாம்.

"எப்படியும் நாப்பதாம் நாள் லாரிதானேங்க்கா" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீயும் ஒரு நாளைக்குச் சாகறவன்தாண்டா. அதுக்குன்னு இன்னைக்கே உன்ற மூக்கப் புடிச்சு அமுக்கட்டுமா?"

குஞ்சுகளுக்கு என்ன வேண்டும் என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எனக்குப் பிடித்ததை அவற்றுக்குக் கொடுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது நல்லவன் என்ற பேர். அதற்கு அவை உயிரைக் கொடுத்தன.

நாற்பதாம் நாள் லாரி வந்தது. அது சரி என்று நான் இன்றும் நினைக்கவில்லை, கறியையும் தொடவில்லை. ஆனால் அதை அக்காவிடம் சொல்லும் வாய் போய்விட்டது.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டு விசேஷங்களில் போட்டோக்காரர் "இன்னுங் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று சொன்னால் போதும். முன்வரிசையில் இருந்து அக்காவின் குரல் வரும்: "டேய், அடியில யாராச்சும் கெடக்கறாங்களான்னு பாருடா!"

எல்லோரும் சிரிப்பார்கள். போட்டோவும் நன்றாக விழும். நானும் சிரித்துக்கொண்டுதான் நிற்பேன், குனிந்து ஒரு தடவை பார்த்துவிட்டு.