போயிட்டு வரேன் என்றால் எத்தனை வாடகை?

சீர்காழியில் லாரிக்காரர்களான எங்களுக்கெல்லாம் லோடு பிடித்துக் கொடுக்கும் ஆபீசில், வாடகையை உறுதி செய்வதற்காக 'குரல்வழி ஒப்புதல்' என்றொரு திட்டம் அமலுக்கு வந்தது. லாரிக்காரர் போனில் பேசுவதைக் கம்ப்யூட்டர் பதிவு செய்யும். கடைசியாகச் சொன்னதே ஒப்பந்தம். காகிதம் மிச்சம், சண்டை மிச்சம் என்றார்கள்.

குணசேகரன் சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவர். இரண்டு தவணை பாக்கி. மூன்றாவதும் தவறினால் வண்டியைத் தூக்கிவிடுவார்கள். மதுரைக்கு அரிசி ஏற்றிப் போக பதினாலாயிரம் என்று பேசி முடித்தார். நம்மூர் மனுஷன் ஆயிற்றே, "போயிட்டு வரேங்க" என்று சொல்லி போனை வைத்தார்.

மதுரையில் மூட்டையை இறக்கியதும் ஆபீசிலிருந்து அழைப்பு. அங்கே காலிச் சாக்கு கிடக்கிறது, ஏற்றி வரவும் என்றார்கள். அதற்கு வாடகை எவ்வளவு என்று கேட்டார். ஏற்கெனவே பேசிய பதினாலாயிரத்திலேயே அதுவும் அடக்கமாம்.

திரும்பி வந்து நேரே பூர்ணிமாவிடம் போனார். லோடு பிரித்துக் கொடுக்கிற அதிகாரி அவர்தான். கோபமே வராத பெண்.

"போறது ஒண்ணு, வர்றது ஒண்ணு. ரெண்டுக்கும் சேர்த்துத்தானேண்ணே ஒப்புதல் குடுத்திருக்கீங்க?"

"அது சொல்லிட்டுக் கிளம்புறதும்மா."

"அதுக்குக் கம்ப்யூட்டர்ல கட்டம் இல்லீங்களே."

அதோடு விட்டார்களா? சுற்றறிக்கையும் வந்தது: 'ஒருவழிப் பயணத்தை உத்தேசிக்கும் உரிமையாளர்கள், "போகிறேன்" எனத் தெளிவுற உரைக்கக் கடவர்.' எழுதின புண்ணியவான் வீட்டை விட்டே கிளம்பாதவன் போலிருக்கிறது.

குணசேகரன் ரோஷக்காரர். மறுவாரம் கோயம்புத்தூர் லோடு வந்தது. வாடகையைப் பேசி, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "போறேன்" என்றார்.



"என்னண்ணே, வெள்ளிக்கிழமை அதுவுமா இப்படிச் சொல்லிட்டீங்க?" என்றார் பூர்ணிமா. "இருநூறு மூட்டை அரிசி. உங்களை நம்பி எப்படி அனுப்புறது?"

சுற்றறிக்கைப்படிதானே சொன்னேன் என்று வாதாடிப் பார்த்தார். சுற்றறிக்கை சரிதான், வாய்ச்சொல் பலித்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டு, லோடை அடுத்த வண்டிக்கு மாற்றிவிட்டார்கள்.

அடுத்த வண்டி என்னுடையது. 'இனி எல்லோரும் போறேன் என்றே சொல்வோம்' என்று லாரி சங்கத்தில் தீர்மானம் கொண்டுவந்தவனும் நான்தான். வாடகையை மூன்று தரம் உறுதி செய்துகொண்டு, வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன வாய், "போயிட்டு வரேங்க" என்றது.

விஷயம் கேள்விப்பட்டு குணசேகரன் போன் பண்ணினார். லோடு போன வயிற்றெரிச்சல் தீர என்னைத் திட்டினார், பிறகு வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்து முடித்து, "சரி, பத்திரமா போயிட்டு வாய்யா" என்றார்.