பட்டாணி அளவு மறதி

ஒரு ஊராம். அந்த ஊரில் ஒரு வீடாம். அந்த வீட்டில் ஒரு பின்னறையாம். அந்த அறைக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டார்களாம். ஒருத்தர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இன்னொருத்தர் அவரைக் கட்டிக்கொண்ட மகராசி.

கடைக்காரருக்கு அந்த அறையில் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு ரேடியோ. கடையைப் பூட்டிவிட்டு வந்து சாய்ந்தார் என்றால் அவர்தான் ராஜா. மனைவி தையல்காரி. சாப்பாட்டு மேஜையில்தான் தையல் மெஷின். சோற்றில் நூல் வரும். ஒருநாள் குண்டூசியே வந்தது. "அந்த ரூமை எனக்குக் குடுங்களேன்" என்று அவள் கேட்காத நாள் இல்லை. "என் தலையே போனாலும் தரமாட்டேன்" என்று இவர் சொல்லாத நாளும் இல்லை.

அந்த அறை தலை வழியாகத்தான் போகப்போகிறது என்று பாவம், அப்போது அவருக்குத் தெரியாது.

கடைக்குக் கண்ணாடி மாற்ற ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். பேச்சுவாக்கில் தன் வேலையைச் சொன்னாள்.

"உங்க லென்ஸ் வெயிலை ஒரே புள்ளியில குவிக்குது இல்லையா சார்? நாங்க காதுக்குக் கேக்காத ஒலியை அப்படிக் குவிக்கிறோம். மண்டையைத் திறக்க வேண்டாம், ஊசி வேண்டாம். மூளைக்குள்ள ஒரு பட்டாணி அளவு இடத்தை மட்டும் தட்டி எழுப்பலாம்."

"காகிதம் மாதிரி கருகிடாதே?"

"ஐயோ, சூடே தெரியாது. விரல் நுனி உணர்ச்சி கூடுதான்னு பாக்குறோம், அவ்வளவுதான். ஆனா வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு டிக்டிக்னு சத்தம் மட்டும்தான் வைப்போம். யாருக்கு நிஜம், யாருக்குப் பாவனைன்னு கடைசியிலதான் சொல்லுவோம்."

மனுஷர் தானும் அந்தச் சோதனைக்கு ஆசையாகப் போனார். தலையில் பசை தடவி, கருவியை ஒட்டவைத்தார்கள். டிக் டிக் என்றது. முடிந்தது. திரும்பி வரும் வழியில் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. வீட்டில் பாதிக் கதையை மட்டும் சொன்னார்.

"மூளைக்குள்ள அலை பாய்ச்சியிருக்காங்கம்மா. கொஞ்ச நாளைக்கு மறதி இருக்குமாம்."

"யாருங்க சொன்னா?"

"யாரு சொன்னாங்கன்னா... பாரு, அதுவே மறந்துபோச்சு!"

அன்றைக்குப் பாத்திரம் துலக்கும் முறை அவருடையது. மறந்துபோனார். மறுநாள் குப்பையை மறந்தார். அப்புறம் துணி காயப்போடுவதை. ஒன்றுவிடாமல் ஒழுங்காக மறந்தார். ரேடியோவில் பாட்டு வரும் நேரம் மட்டும் மறக்கவில்லை. கேட்டதற்கு, "அது மூளையில வேற பக்கம்" என்றார்.

மனைவி சண்டை போடவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "பாவம்ங்க நீங்க" என்றாள். மனுஷர் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தால், பின்னறைக்குள் தையல் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. நாற்காலி வெளியே நிற்கிறது.

"என்னம்மா இது?"

"நீங்கதானே காலையில எடுத்துக்கச் சொன்னீங்க?"

"நானா?"

"காப்பி குடிச்சுக்கிட்டே சொன்னீங்களே! 'நாற்காலியை மாடிப்படிக்கு அடியில போட்டுக்கறேன், நீ நிம்மதியாத் தை'ன்னு. எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு. அதையுமா மறந்துட்டீங்க?"

கடைக்காரர் வாயைத் திறந்தார். சொல்லவே இல்லை என்று சாதித்தால், காலையில் நடந்ததெல்லாம் ஞாபகம் இருக்கிறது என்றாகும். ஞாபகம் இருக்கிறது என்றால், அடுப்படியில் மலையாகக் குவிந்திருக்கிற பாத்திரத்துக்கு என்ன பதில்? வாயை மூடினார். மறுபடி திறந்தார்.

"சொல்லியிருப்பேன்."

"இருப்பேன் என்ன இருப்பேன்? பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொன்னேன். உன் வீட்டுக்காரர் தங்கம்னாங்க."

"ஆமா, ஆமா. இப்ப லேசா வருது. காப்பி... மாடிப்படி..."

இப்போதைக்கு விட்டுக்கொடுப்போம், மறதி தெளிந்துவிட்டது என்று பிறகு சொல்லி அறையைப் பிடுங்கிக்கொள்வோம் என்று கணக்குப் போட்டார்.

மறுநாளே வாசலில் அந்த ஆராய்ச்சிக்காரப் பெண். மூச்சு வாங்க நின்றாள்.

"நீங்க போன்ல சாருக்கு மறதின்னு சொன்னதும் பதறிட்டோம்மா. உடனே யாருக்கு எதுன்னு பிரிச்சுப் பாத்தோம். சாருக்கு வச்சது வெறும் சத்தம். அலையே போகல."

"அப்போ மறதி?"

"எங்களால வர வழியே இல்லம்மா."

கடைக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. "கேட்டியா! எனக்கு மறதியே இல்ல. அந்த ரூமை நான் தரேன்னு சொல்லவே..."

பாதியில் நின்றார். மனைவி சிரித்த முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிங்க. மறதியே இல்லாமத்தான் இத்தனை நாள் பாத்திரம் துலக்கலையா?"

"அது வந்து..."

"மூளை நல்லா இருக்குறப்பதானே நேத்து ஆமா, ஆமான்னீங்க? அதாச்சும் ஞாபகம் இருக்கா, இல்ல அதுவும் வேற பக்கமா?"

ஆராய்ச்சிக்காரப் பெண் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டு, "நான் வரேன் சார்" என்று நழுவினாள்.

மனைவி பின்னறைக்குள் போய் மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள். கடைக்காரர் அறை வாசலில் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, உண்மையைச் சொல்லு. நான் நிஜமாவே அப்படிச் சொன்னேனா?"

மெஷின் நிற்கவில்லை.

"சொல்லியிருப்பீங்க."

விரல் நுனியில் உணர்ச்சி கூடியதோ இல்லையோ, அடுப்படியில் பாத்திரம் கூடித்தான் இருந்தது. கடைக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.